டைலிங் விண்டோ மேனேஜர்: திரையில் இடம் ஒதுக்குவது யார் வேலை?

கணினித் திரையில் சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் தானே அடுக்கும் நிரல் டைலிங் விண்டோ மேனேஜர். அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று கருத்துகள் கூடவே வந்துவிடுகின்றன. மவுஸைத் தூக்கிப் போட்டவர்களுக்கானது அது என்பது ஒன்று. திரையை நான்காக எட்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அது என்பது இன்னொன்று. நிறுவினால் கணினி வேகமாகிவிடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறது, ஆனால் விஷயத்தின் மையம் மூன்றிலும் இல்லை.

மையம் ஒரே கேள்வி: ஒரு புதிய சாளரம் திறக்கும்போது, அது திரையில் எங்கே, எந்த அளவில் நிற்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? வழக்கமான டெஸ்க்டாப்பில் அந்த வேலை பெரும்பாலும் உங்கள் தலையில் விழுகிறது. டைலிங் முறையில் ஒரு விதி அதைச் செய்கிறது. விசைப்பலகைக் குறுக்குவழிகள், வேகம், கண்ணுக்குக் கிடைக்கும் ஒழுங்கு ஆகிய எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

## மேசையும் செய்தித்தாள் பக்கமும்

ஒரு மேசையில் காகிதங்களைப் போடுகிறீர்கள். புதிதாக வரும் தாள் பழையதன் மேல் விழுகிறது. அடியில் கிடப்பது வேண்டுமென்றால் மேலே இருப்பதை நகர்த்த வேண்டும். எந்தத் தாளையும் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற சுதந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு தாளையும் நீங்களேதான் வைக்க வேண்டும் என்ற சுமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. நாம் பழகிய டெஸ்க்டாப் இப்படிப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இந்தச் சாளரங்களை மிதக்கும் சாளரங்கள் என்பார்கள்.

இப்போது செய்தித்தாளின் ஒரு பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு செய்தி இன்னொன்றை மறைப்பதே இல்லை. பக்கம் முழுவதும் நிரம்பியிருக்கும், வெற்றிடம் கிடையாது. கடைசி நேரத்தில் புதிய செய்தி ஒன்று வந்தால், மற்றவை கொஞ்சம் சுருங்கி அதற்கு இடம் விடும். ஒரு செய்தியை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பது விரிந்து அந்த இடத்தை நிரப்பும். டைலிங் என்பது இதுதான். தரையில் ஓடு பதிப்பதுபோல, சாளரங்கள் இடைவெளியின்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் திரையை நிரப்புகின்றன.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1985-இல் வெளிவந்த விண்டோஸ் 1.0-இல் சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் பக்கம் பக்கமாகவே நின்றன. 1987-இல் வந்த 2.0 பதிப்பில்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கின. அதன்பின் படியும் முறையே உலக வழக்கமாகிவிட்டதால், டைலிங் முறை ஏதோ நிபுணர்களின் தனி ரசனை போலத் தோற்றமளிக்கிறது.

## சாளரங்களை நகர்த்துவது ஒரு தனி நிரல்

இங்கேதான் பெரும்பாலானோருக்குக் குழப்பம். உலாவியைத் திறந்தால் உலாவியே தன் சாளரத்தைத் திரையில் வைத்துக்கொள்கிறது என்று தோன்றும். லினக்ஸ் இயங்குதளத்தில் அப்படி நடப்பதில்லை.

எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பை எடுத்துக்கொள்வோம். திரையில் வரைவதும், விசை அழுத்தல்களையும் மவுஸ் அசைவுகளையும் நிரல்களுக்குக் கொண்டு சேர்ப்பதும் எக்ஸ் சர்வர் என்ற நிரலின் வேலை. எந்தச் சாளரம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதற்கு எந்தக் கருத்தும் கிடையாது. அந்த முடிவை எடுக்க வேறொரு நிரல் சர்வரிடம் பதிவு செய்துகொள்கிறது. அதுவே விண்டோ மேனேஜர், அதாவது சாளரங்களின் இடம், அளவு, வரிசை ஆகியவற்றை முடிவு செய்யும் நிரல்.

நடப்பது இதுதான். உலாவி, ‘எனக்கு 1200-க்கு 800 அளவில் ஒரு சாளரம் காட்டு’ என்று சர்வரிடம் கேட்கிறது. சர்வர் உடனே காட்டுவதில்லை. கோரிக்கையை விண்டோ மேனேஜரிடம் திருப்பிவிடுகிறது. ‘இந்த மூலையிலிருந்து 960-க்கு 1080’ என்று மேனேஜர் சொல்கிறது. உலாவி அந்த அளவுக்குத் தன்னை வரைந்துகொள்கிறது. மிதக்கும் வகை மேனேஜர் பெரும்பாலும் நிரல் கேட்ட அளவையே கொடுத்துவிடும். டைலிங் வகை மேனேஜர் கேட்ட அளவை ஒதுக்கிவிட்டுத் தன் விதிப்படி கொடுக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

இந்தத் திருப்பிவிடும் உரிமையை ஒரு நேரத்தில் ஒரே நிரலுக்குத்தான் சர்வர் தரும். அதனால்தான் ஒரு விண்டோ மேனேஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதைத் தொடங்கினால், ‘ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது’ என்ற பிழைச்செய்தியோடு அது நின்றுவிடும். வலச்சொடுக்கு மெனுக்களும் சிறு குறிப்புப் பெட்டிகளும் ஓடுபோல் பதியாமல் மேலே மிதப்பது ஏன் என்பதும் இங்கே விளங்கும். ‘என்னை மேனேஜரிடம் அனுப்பாதே’ என்ற அடையாளத்தோடு அவை உருவாக்கப்படுகின்றன.

எக்ஸ்11-க்கு மாற்றாக வந்துள்ள வேலேண்டில் சர்வரும் விண்டோ மேனேஜரும் ஒரே நிரல். அதைக் கம்போசிட்டர் என்பார்கள். பயன்படுத்துபவருக்குத் தெரியும் வேறுபாடு சிறியது. ஆனால் அந்த நிரல் விழுந்தால் அதிலிருந்த நிரல்களும் பொதுவாகச் சேர்ந்தே மூடிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பிரித்துவிடலாம். க்னோம், கேடிஇ பிளாஸ்மா போன்றவை டெஸ்க்டாப் சூழல்கள். விண்டோ மேனேஜர், பேனல், அறிவிப்புகள், ஒலிக் கட்டுப்பாடு, திரைப்பூட்டு எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பு அது. ஐ3, ஸ்வே (ஐ3-ஐப் போலவே வேலேண்டில் ஓடுவது), டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட், ஹைப்பர்லேண்ட் போன்றவை விண்டோ மேனேஜர் மட்டுமே. வீட்டுச் சாமான் எதுவும் இல்லாமல் வீடு மட்டும் கையில் வருகிறது. புதியவர்கள் படும் அவதிகளில் பாதி இதனால் வருவதே, டைலிங்கால் அல்ல.

இதுவரை பார்த்தது: நிரல் இடம் கேட்கிறது, விண்டோ மேனேஜர் இடம் ஒதுக்குகிறது. டைலிங் என்பது அந்த ஒதுக்கீட்டு விதியின் பெயர். அது தனி இயங்குதளமும் அல்ல, லினக்ஸின் தனி வகையும் அல்ல.

## இடம் எப்படிப் பிரிகிறது

1920-க்கு 1080 பிக்ஸல் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, மேல்கீழ்ப் பட்டைகளையும் விளிம்புகளையும் விட்டுவிடலாம். ஐ3 என்ற மேனேஜரில் முதல் சாளரம் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது திறந்ததும் இரண்டும் பக்கம் பக்கமாக 960 பிக்ஸல் அகலம். மூன்றாவது வந்தால் ஒவ்வொன்றும் 640.

இங்கே ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். இரண்டு சாளரங்கள் இருக்கும்போது வலப்பக்கச் சாளரத்தில் நின்றுகொண்டு, ‘அடுத்தது இதற்குக் கீழே வரட்டும்’ என்று ஒரு விசையால் சொல்லிவிட்டு மூன்றாவதைத் திறக்கிறீர்கள். இப்போது இடப்பக்கம் 960-க்கு 1080 அப்படியே இருக்கும். வலப்பக்கம் மட்டும் மேலும் கீழுமாக 960-க்கு 540 அளவில் இரண்டாகப் பிரியும். அதே இடத்தில் நான்காவதும் வந்தால் வலப்பக்கத்து மூன்றும் 360 உயரம் பெறும். இடப்பக்கம் அசையாது.

உள்ளே நடப்பது ஒரு மர அமைப்பு. திரை என்பது வேர். அதில் இடம், வலம் என்று இரண்டு கிளைகள். வலக்கிளை ஒரு பெட்டி, அதற்குள் மேல், கீழ் என்று இரண்டு சாளரங்கள். புதிய சாளரம் எப்போதும் நீங்கள் நிற்கும் பெட்டிக்குள்தான் சேரும். அந்தப் பெட்டியில் இருப்பவை மட்டுமே தங்களுக்குள் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். ‘ஏன் இது மட்டும் சுருங்கியது, அது சுருங்கவில்லை’ என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்த மரத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பதில் தெரிந்துவிடும்.

இப்படிப் பிரிவை நீங்களே சொல்வது கைமுறை டைலிங். ஐ3-யும் ஸ்வேயும் இந்த வகை. டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட், ஆசம் ஆகியவை தானியங்கி டைலிங் செய்பவை. அவற்றில் முதன்மைப் பகுதி ஒன்று இருக்கும், மீதி எல்லாம் பக்கத்தில் அடுக்காக நிற்கும். டிடபிள்யூஎம் தன் இயல்பு அமைப்பில் முதன்மைச் சாளரத்துக்கு அகலத்தில் 55 விழுக்காடு கொடுக்கிறது. இரண்டாவதற்குப் பிறகு எத்தனை சாளரம் வந்தாலும் முதன்மையானது சுருங்காது, அடுக்கில் இருப்பவையே நெருங்கும். எழுதும் கோப்பு ஒன்று, அதைச் சுற்றிப் பார்க்க வேண்டியவை பல என்ற வேலைக்கு இது நன்றாகப் பொருந்தும். தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கைமுறை வகையையே. ஒவ்வொரு பிரிவும் நீங்கள் சொன்னதால் நடந்தது என்பதால், தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது.

ஓர் எச்சரிக்கை: ‘கிடைமட்டப் பிரிவு’ என்ற சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும். ஐ3-இல் அதன் பொருள் சாளரங்கள் பக்கம் பக்கமாக நிற்பது. விம் என்ற உரைத்தொகுப்பியில் அதே சொல்லுக்கு மேலும் கீழுமாக நிற்பது என்று பொருள். இரண்டையும் பயன்படுத்துபவர்கள் முதல் சில நாட்கள் தடுமாறுவது இயல்பு.

## எத்தனை சாளரம் ஒரு திரையில்?

திரையை நறுக்கிக்கொண்டே போவதுதான் திறமை என்ற எண்ணம் பல பேரிடம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தவறு என்று தெரியும். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது வழக்கமான அளவு. ஓர் எழுத்து 9 பிக்ஸல் அகலம் என்றால் 720 பிக்ஸல் வேண்டும். 1920 அகலத் திரையில் இரண்டு வசதியாக நிற்கும், மூன்று நெருக்கும். இணையப் பக்கங்களோ 640 பிக்ஸல் அகலத்துக்குள் வந்தால் பல நேரம் கைப்பேசிக்கான தோற்றத்துக்கு மாறிவிடும். மெனு எல்லாம் மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

1920 திரையில் இரண்டு சாளரம், அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று, தாவல் அமைவு: ஒரு பெட்டியிலுள்ள சாளரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் நின்று, தலைப்புகள் மட்டும் மேலே உலாவித் தாவல்கள்போல வரிசையாகத் தெரியும். இன்னொன்று வொர்க்ஸ்பேஸ். டைலிங்கைவிடவும் அதிகப் பயன் தருவது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

## வொர்க்ஸ்பேஸ்: இருட்டிலும் கைக்கு எட்டும் ஸ்விட்ச்

வொர்க்ஸ்பேஸ் என்பது எண்ணிட்ட தனித் திரை. ஒரே மானிட்டரில் பத்துத் திரைகள் இருப்பதாகவும், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தெரிவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இருட்டிலும் கை நேராக ஸ்விட்சுக்குப் போகிறது. தேடுவதில்லை, யோசிப்பதில்லை. காரணம், ஸ்விட்ச் இடம் மாறுவதில்லை. உலாவி எப்போதும் 1-இல், எழுதும் கோப்பு 2-இல், டெர்மினல் 3-இல், மின்னஞ்சல் 9-இல் என்று வைத்துவிட்டால் அதே பழக்கம் கைக்கு வந்துவிடும். உலாவி வேண்டுமா, 1. அவ்வளவுதான்.

ஆல்ட், டேப் விசைகளால் மாறும் வழக்கமான முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியல் கடைசியாகப் பயன்படுத்திய வரிசையில் இருக்கும். ஆகவே நீங்கள் தேடும் சாளரம் ஒருமுறை இரண்டாவதாக, மறுமுறை ஐந்தாவதாக நிற்கும். ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து, சரியானதா என்று முடிவெடுத்த பிறகே விரலை விட முடியும். நிலையான எண்ணில் அந்தப் பார்க்கும் வேலையே இல்லை. டைலிங்கில் கிடைக்கும் வேகம் விரல் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தேடல் ஒழிவதால் கிடைக்கும் வேகம் அது.

இரண்டு மானிட்டர் இருந்தால் ஐ3-இலும் ஸ்வேயிலும் ஒவ்வொரு மானிட்டரும் தன் வொர்க்ஸ்பேஸைத் தனியாகக் காட்டும். 3 என்ற எண் வலப்பக்க மானிட்டரில் இருந்தால், அதை அழைக்கும்போது கவனம் அங்கே தாவும். எக்ஸ்மோனாடில் வேறு மாதிரி: அழைத்த வொர்க்ஸ்பேஸ் நீங்கள் இருக்கும் மானிட்டருக்கே வந்து சேரும்.

## விசைகள்: ஏன் சூப்பர்?

விசைப்பலகையில் கன்ட்ரோல் விசை நிரல்களுக்குச் சொந்தம்: நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க. ஆல்ட் விசை மெனுக்களுக்கும் டெர்மினலுக்கும். விண்டோஸ் சின்னம் பொறித்த விசையைத்தான் லினக்ஸில் சூப்பர் என்பார்கள். அதை நிரல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. எனவே விண்டோ மேனேஜருக்கு அது ஏற்றது. இப்படி மேனேஜருக்கென்று ஒதுக்கிய விசைக்கு மாட் என்று பெயர்.

ஐ3-ஐ முதல்முறை தொடங்கும்போது, மாட் விசையாகச் சூப்பர் வேண்டுமா ஆல்ட் வேண்டுமா என்று கேட்கும். சூப்பரையே எடுங்கள். ஆல்ட்டை எடுத்தால், மேனேஜர் தனக்கு வேண்டிய ஆல்ட் சேர்க்கைகளைச் சர்வரிடம் முன்பதிவு செய்துவிடும், நிரல்களுக்கு அந்த அழுத்தல் போய்ச் சேரவே சேராது. உலாவியில் முகவரிப் பட்டைக்குத் தாவும் ஆல்ட் + டி போய்விடும். டெர்மினலில் ஒரு சொல் முன்னேறும் ஆல்ட் + எஃப் முழுத்திரையாக்கும் கட்டளையாக மாறிவிடும்.

ஐ3-இன் இயல்பான விசைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதில் ஓர் இலக்கணம் இருக்கிறது: மாட் தனியாக வந்தால் நீங்கள் நகர்கிறீர்கள், மாட்டோடு ஷிஃப்டும் சேர்ந்தால் சாளரம் நகர்கிறது. மாட் + வல அம்புக்குறி என்றால் உங்கள் கவனம் வலப்பக்கச் சாளரத்துக்குப் போகும். ஷிஃப்ட் சேர்த்தால் சாளரமே வலப்பக்கம் போகும். மாட் + 4 என்றால் நான்காம் வொர்க்ஸ்பேஸுக்குப் போகிறீர்கள். மாட் + ஷிஃப்ட் + 4 என்றால் இந்தச் சாளரத்தை அங்கே அனுப்புகிறீர்கள். கவனம் என்று இங்கே சொல்வது, தட்டும் எழுத்துகள் எந்தச் சாளரத்துக்குப் போய்ச் சேரும் என்பதை.

மற்றவை சில:

- மாட் + என்டர்: டெர்மினல் திறக்கும்
- மாட் + டி: டிமெனு என்ற தேடல் பட்டை வரும், நிரலின் பெயரைத் தட்டி என்டர்
- மாட் + ஷிஃப்ட் + கியூ: சாளரத்தை மூடும்
- மாட் + வி: அடுத்த சாளரம் கீழே, மாட் + எச்: அடுத்தது பக்கத்தில்
- மாட் + டபிள்யூ: தாவல் அமைவு, மாட் + இ: மீண்டும் பிரிந்த அமைவு
- மாட் + எஃப்: முழுத்திரை, மறுபடி அழுத்தினால் பழைய நிலை
- மாட் + ஷிஃப்ட் + ஸ்பேஸ்: இந்தச் சாளரத்தை மிதக்க விடு, அல்லது ஓடாகப் பதி
- மாட் + ஆர்: அளவு மாற்றும் நிலை; அம்புக்குறியால் மாற்றி, எஸ்கேப் அழுத்தி வெளியே வரவும்

கடைசியில் உள்ளதில் ஒரு கண்ணி இருக்கிறது. அளவு மாற்றும் நிலையில் இருக்கும்போது மற்ற மேனேஜர் விசைகள் எதுவும் வேலை செய்யாது. ‘எல்லாம் உறைந்துவிட்டது’ என்று நினைத்துக் கணினியை அணைத்தவர்கள் உண்டு. கீழ்ப்பட்டையில் அந்த நிலையின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள், எஸ்கேப் அழுத்தினால் போதும்.

மாட் + ஷிஃப்ட் + கியூ சாளரத்தை முரட்டுத்தனமாகக் கொல்வதில்லை. மூடிக்கொள்ளும்படி நிரலைக் கேட்கிறது. சேமிக்காத கோப்பு இருந்தால் நிரல் உங்களிடம் கேட்கும். மாட் + ஷிஃப்ட் + இ வேறு: அது முழு அமர்வையும் முடிக்கும். உறுதிப்படுத்தும் பட்டை ஒன்று மேலே வரும். ஆம் என்றால், சேமிக்காத எதுவும் மிஞ்சாது.

மவுஸ் எங்கும் போகவில்லை. சொடுக்கலாம், உருட்டலாம். மாட்டை அழுத்திக்கொண்டே மிதக்கும் சாளரத்தை இழுக்கலாம், ஓடுகளுக்கு நடுவிலுள்ள எல்லையை மவுஸால் நகர்த்தலாம். படம் திருத்துபவருக்கு மவுஸே முதன்மைக் கருவி, டைலிங் அதைத் தடுப்பதில்லை.

சுருக்கிச் சொன்னால்: சூப்பர் மேனேஜருக்கு, கன்ட்ரோல் நிரலுக்கு. ஷிஃப்ட் சேர்ந்தால் நீங்கள் அல்ல, சாளரம் நகரும்.

## முதல் வாரம்

இருக்கும் டெஸ்க்டாப் சூழலை நீக்க வேண்டாம். ஐ3-ஐ அதோடு கூடவே நிறுவலாம். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களின் பொதித்தொகுப்பில் அதே பெயரில் இருக்கும். நிறுவியபின் வெளியேறி, உள்நுழையும் திரையில் கடவுச்சொல் தட்டுமுன் பல்சக்கரச் சின்னம் அல்லது அமர்வுப் பட்டியலில் ஐ3-ஐத் தேர்ந்தெடுங்கள். பிடிக்கவில்லையென்றால் அதே இடத்தில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம்.

உள்ளே போனதும் வெறும் திரையும் கீழே ஒரு மெல்லிய பட்டையும் மட்டுமே தெரியும். பிழை எதுவும் நடக்கவில்லை. அது உங்கள் விசைக்காகக் காத்திருக்கிறது. அதனால் உள்ளே போகும்முன்பே ஐந்தைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்: என்டர், டி, அம்புக்குறிகள், எண்கள், வெளியேறும் விசை. முதல் இரண்டு நாள் இவை மட்டும் போதும். மூன்றாம் நாள் வி, டபிள்யூ சேர்த்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் மிதக்கவிடுவது. ஐ3-இல் ஜே, கே, எல், அரைப்புள்ளி ஆகிய விசைகளும், ஸ்வேயில் எச், ஜே, கே, எல் விசைகளும் திசைகளாக வேலை செய்யும். தொடக்கத்தில் அம்புக்குறிகளிலேயே இருங்கள், இரண்டையும் சேர்த்துக் கற்க அவசரம் இல்லை.

அடுத்து அமைப்புக் கோப்பு. வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள், ஐ3 என்ற உள்ளடைவில் அது இருக்கும். வெறும் உரைக்கோப்பு, ஒரு வரிக்கு ஒரு விதி. தொடுமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றி, மாட் + ஷிஃப்ட் + சி அழுத்திப் பாருங்கள். பிழை இருந்தால் திரையின் விளிம்பில் சிவப்புப் பட்டை வந்து பிழையைக் காட்டும். ஒரே விசைக்கு இரண்டு கட்டளை கொடுத்திருந்தாலும் அதுவே சொல்லும். மற்றவர்களின் முந்நூறு வரிக் கோப்பை அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. அழகாக இருக்கும். ஆனால் எந்த விசை என்ன செய்கிறது என்று தெரியாது, பாதி கட்டளைகள் உங்களிடம் இல்லாத நிரல்களை அழைக்கும்.

## எங்கே தடுக்கும், ஏன்

கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரவில்லை. மென்பொருள் நிறுவும்போதோ வட்டை இணைக்கும்போதோ எதுவும் நடக்காமல் நின்றால், நிர்வாக அனுமதி கேட்கும் பாலிசிகிட் முகவர் ஓடவில்லை என்று பொருள். டெஸ்க்டாப் சூழல் அதைத் தானே தொடங்கியிருந்தது. இங்கே நீங்கள் ஒரு முகவரை நிறுவி, அமைப்புக் கோப்பில் தொடக்க வரியாகச் சேர்க்க வேண்டும். அறிவிப்புகள் வராவிட்டாலும் காரணம் இதே வகைதான்: டன்ஸ்ட் அல்லது மேகோ போன்ற அறிவிப்பு நிரல் ஒன்று வேண்டும். ஒளி கூட்டும், குறைக்கும் விசைகளும் பெரும்பாலும் நீங்களே இணைக்க வேண்டியவையே.

சில சாளரங்கள் தவறாகப் பதிகின்றன. அளவு மாறாத பெட்டிகளும், இன்னொரு சாளரத்தின் துணை என்று அறிவித்துக்கொள்ளும் உரையாடல் பெட்டிகளும் தாமாகவே மிதக்கும். தன்னைச் சரியாக அறிவித்துக்கொள்ளாத நிரல் பாதித் திரைக்கு விரிந்து நிற்கும், கால்குலேட்டர் வானளவு தெரியும். அதற்கு ஒரு விதி எழுதலாம். டெர்மினலில் எக்ஸ்பிராப் என்ற கருவியை ஓட்டி அந்தச் சாளரத்தைச் சொடுக்கினால், வகுப்பு என்ற வரியில் இரண்டு பெயர்கள் வரும். இரண்டாவது பெயரைத்தான் விதியில் எழுத வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் விதி பொருந்தாது. ‘விதி வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுவே. ஸ்வேயில் வேலேண்ட் நிரல்களுக்கு எக்ஸ்பிராப் உதவாது. ஸ்வேயின் மரப் பட்டியலைக் கேட்டு, அதில் நிரல் அடையாளம் என்ற வரியைப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கு மாறியதும் குறுக்குவழிகள் நிற்கின்றன. தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டுபவர்களுக்கு இது முக்கியம். விதியில் ஆங்கில எழுத்தைச் சொல்லியிருக்கிறோம், தமிழ் விசைப்பலகை அமைவிலோ அந்த விசை வேறு எழுத்தைத் தருகிறது. ஐ3 முதல் அமைவின்படி விசைகளைப் புரிந்துகொண்டு எல்லா அமைவுகளிலும் அதையே பின்பற்றும். ஆகவே பட்டியலில் ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வையுங்கள். ஸ்வேயில், எழுத்தை விசை எண்ணாக மாற்றிக்கொள்ளும் தெரிவை விதியோடு சேர்க்க வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ் தட்டுபவர்களுக்கு இன்னொரு மோதல் காத்திருக்கிறது: மொழி மாற்ற ஐபஸ் இயல்பாகப் பிடிப்பது சூப்பர் + ஸ்பேஸ். ஐ3-யும் அதே சேர்க்கையை, மிதப்பவற்றுக்கும் ஓடுகளுக்கும் இடையே தாவ வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். ஐ3-இன் விசையை மாற்றுவதே நல்லது. மொழி மாற்றும் விசை நாளுக்கு நூறு முறை தேவைப்படுவது.

வேலேண்டில் திரைப்பகிர்வு கறுப்பாக வருகிறது. அங்கே ஒரு நிரல் இன்னொன்றின் சாளரத்தைத் தானாகப் பார்க்க முடியாது. அனுமதி பெற்றுத் தரும் போர்ட்டல் என்ற இடைநிரல் வேண்டும். ஸ்வேக்கு உரிய போர்ட்டலைத் தனியாக நிறுவுங்கள்.

வேகம் பற்றிய நம்பிக்கைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். விண்டோ மேனேஜர் மட்டும் ஓடும்போது நினைவகம் மிச்சமாவது உண்மை. பழைய கணினியில் அது உதவும். ஆனால் இருபது தாவல் திறந்த உலாவி எடுக்கும் நினைவகம் எந்த மேனேஜரிலும் குறையாது.

## விண்டோஸிலும் மேக்கிலும்

அங்கே விண்டோ மேனேஜரை மாற்ற முடியாது. அது இயங்குதளத்தின் உள்ளுறுப்பு. விண்டோஸில் கோமோரெபி, கிளேஸ்டபிள்யூஎம், மேக்கில் யபாய், ஏரோஸ்பேஸ் போன்ற நிரல்கள் சாளரம் தோன்றிய பிறகு அதைப் பிடித்து இடம் மாற்றுகின்றன. சில நேரம் சாளரம் ஓரிடத்தில் மின்னி, பிறகு தன் இடத்துக்குத் தாவுவது அதனால்தான். மேக்கில் அணுகல்தன்மை அனுமதி கொடுக்காவிட்டால் இவை எதையும் நகர்த்த முடியாது. யபாயின் சில வசதிகளுக்கு இயங்குதளப் பாதுகாப்பின் ஒரு பகுதியை அணைக்க வேண்டியிருக்கும். வேலைக்கான கணினியில் அதைச் செய்ய வேண்டாம், ஏரோஸ்பேஸுக்கு அது தேவையில்லை.

எதையும் நிறுவாமலே இந்தப் பழக்கத்தைச் சோதிக்கலாம். விண்டோஸில் விண்டோஸ் சின்னம் பொறித்த விசை + இட, வல அம்புக்குறி சாளரத்தைப் பாதித் திரைக்கு ஒட்டும். விண்டோஸ் 11-இல் அதே விசை + இசட் அமைவுகளின் பட்டியலைக் காட்டும். அதே விசையோடு கன்ட்ரோலும் டி-யும் சேர்த்தால் புதிய டெஸ்க்டாப், கன்ட்ரோலும் அம்புக்குறியும் என்றால் அவற்றுக்கிடையே மாற்றம். மேக்கில் 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து ஓரத்துக்கு இழுத்துப் பதிக்கலாம். லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா 5.27 முதல் சூப்பர் + டீ (ஆர்-க்கு அடுத்திருக்கும் விசை) அழுத்தித் திரையைப் பகுதிகளாக வகுக்கலாம். ஷிஃப்டை அழுத்தியபடி சாளரத்தை இழுத்தால் அந்தப் பகுதிகளில் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றில் ஒன்றை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாளில் சாளரங்களை இழுத்து ஒழுங்குபடுத்தும் நேரம் உங்களுக்கு உறுத்துகிறதா, ஒரே நான்கைந்து நிரல்களுக்கு இடையே திரும்பத் திரும்பத் தாவுகிறீர்களா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் முழு டைலிங் மேனேஜர் நிறுவும் உழைப்பு திரும்பக் கிடைக்கும். நாள் முழுவதும் ஒரே நிரலை முழுத்திரையில் வைத்து வேலை செய்பவருக்கும், பல சிறு கருவிப்பெட்டிகள் மிதக்கும் வடிவமைப்பு நிரல்களில் வாழ்பவருக்கும் பாதித் திரைக்கு ஒட்டும் அந்த ஒற்றை விசையே போதும்.